தண்ணீர் உப்பு, ஸ்டேஷன் தூரம்

எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு ஆள் கிடைக்கவில்லை. இதில் என்ன பெரிய பேஜார் என்கிறீர்களா? உங்களுக்கு என் மச்சினனைத் தெரியாது.

திருச்சியிலிருந்து போன் பண்ணினான். "மாடி சும்மாதானே கிடக்கு மாமா? பொங்கலுக்குள்ள யாரும் வரலைன்னா நானே குடி வந்துடறேன்." அவன் வந்தால் கிளாரினெட்டும் வரும். இப்போதுதான் கற்றுக்கொள்கிறான்... சேதி கேட்டதும் அவனுடைய சொந்த அக்காவே — அதாவது என் மனைவி — "முருகா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

உடனே எங்கள் ஏரியா பேப்பருக்கு ஒரு விளம்பரம் எழுதினேன். எழுதுவதுதானே நம் பிழைப்பு? 'தாம்பரம் ஸ்டேஷனுக்கு மிக அருகில். காற்றோட்டமான போர்ஷன். நல்ல தண்ணீர்.'

எட்டாவது படிக்கும் என் மகள் உமா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் ஸ்கூலுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். பேப்பரிலோ டி.வி.யிலோ எது வந்தாலும் கேள்வி கேட்கச் சொல்லித் தருகிறாராம். யார் சொல்றாங்க? எதுக்குச் சொல்றாங்க? எதைச் சொல்லாம விட்டாங்க? இதனால் எங்கள் வீட்டில் சிவப்பழகு கிரீமும், உயரமாக்கும் பவுடரும் ஏற்கெனவே ஒழிந்தன. எனக்குச் சந்தோஷம்தான். அது என் பக்கமே திரும்பும் என்று யார் கண்டது?

"மிக அருகில்னா எப்படிப்பா? நாம சேலையூர் தாண்டி மேடவாக்கம் ரோட்ல இருக்கோம். பஸ்ல சீட் கிடைச்சா ஒரு தூக்கமே போடலாம்."

விளம்பர பாஷை அப்படித்தான் என்றேன். கேட்டாளா? காற்றோட்டம் என்றால் ஜன்னல் மூடாது என்று அர்த்தமா என்றாள். அவள் அம்மாவும் அவள் கட்சி. கடைசியில் பேப்பரில் வந்தது இதுதான் — 'ஸ்டேஷன் தூரம், பஸ் உண்டு. தண்ணீர் உப்பு. ஒரு ஜன்னல் சரியாக மூடாது. ஓனர் நிறையப் பேசுவார்.'

கடைசி வரியை எதிர்த்தேன். ஓட்டெடுப்பில் தோற்றேன்.

இதைப் படித்துவிட்டு எவன் வருவான்? நிஜமாகவே பயந்துபோய் காதில் வைக்கப் பஞ்சு வாங்கி வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்தால், பெருங்களத்தூரிலிருந்து ஓர் இளம் தம்பதி. இருவரும் ஆபீஸ் போகிறவர்கள். மாடி ஏறிப் பார்க்கும் முன்பே, வீடு எங்களுக்குத்தான் என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விளம்பரத்தைச் சரியாகப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"படிச்சுட்டுத்தான் சார் ஓடி வந்தோம்" என்றது அந்தப் பெண். "இதுவரைக்கும் பார்த்த வீட்ல எல்லாம் நல்ல தண்ணின்னுதான் போட்டிருந்தாங்க. போய்த் திறந்தா குழாயில காத்துதான் வருது. நீங்க உப்புன்னு போட்டிருக்கீங்க... அப்போ தண்ணி வருது, இல்லையா?"

மச்சினனுக்குப் போன் போட்டு, நீ வர முடியாமல் போனதில் எனக்கு ரொம்ப வருத்தம் என்றேன். உமா முறைத்தாள்.

விளம்பரம் வேறு, மச்சினன் வேறு!