ரேடியோவில் சொன்ன அக்கா

ஊரில் அவருக்கு வெண்கலம் என்றுதான் பேர். தொண்டை அப்படி. சோப்போ கொசுவர்த்தியோ, ரேடியோவில் அவர் குரலில் சொன்னால்தான் கடைக்காரர்களுக்குத் திருப்தி. வீட்டில் அந்தக் குரலுக்கு மரியாதை கிடையாது. "கத்தாதீங்க, பக்கத்துலதானே இருக்கேன்" என்பாள் மனைவி. அடுத்த தெருவில் தனியாக இருந்த அக்கா ஒருத்திதான் விசிறி. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவர் குரல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

சர்க்கரை வியாதிப் பொடிக்கு ஒரு விளம்பரம் வந்தது. "எங்க அக்கா மாத்திரையையே விட்டுட்டாங்க, இந்தப் பொடிதான் காப்பாத்துச்சு" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அக்கான்னு சொன்னா ஜனங்க நம்புவாங்க சார்" என்றார் கம்பெனி மேனேஜர். வெண்கலமும் ஒரே மூச்சில் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சொந்த அக்காவுக்கும் அதே வியாதி என்பது நினைவுக்கு வரவில்லையா? வந்தது. விளம்பரத்தை எவர் நிஜமென்று எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று இருந்துவிட்டார், பாவி மனுஷன்!

தெருப் பெண்கள் அக்காவை மொய்த்துக்கொண்டார்கள். "உங்க தம்பி சொல்றாரே, நிஜமா?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே கேட்கத் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறானே! தம்பி வாயில் வந்தது பொய்யாகலாமா? "நிஜம்தான்டி" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பொடியை வாங்கினாள், மாத்திரையைப் பரணில் போட்டாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

பல மாசம் கழித்து ஒரு நாள் அவர் தண்ணீர் டம்ளரை நீட்ட, அக்காவின் கை காற்றைத் துழாவியது. அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. இனி பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ என்னைப் பத்திச் சொன்னியேடா, அதான் விட்டேன்" என்றாள் அக்கா. அது உன்னைச் சொன்னது இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

நுகர்வோர் கோர்ட்டில் அவரே புகார் கொடுத்தார். "பொய் சொன்ன வாய் உங்களுதுதானே?" என்று கம்பெனி வக்கீல் மடக்கினார். "ஆமாங்க" என்று தலைகுனிந்தார். நிரூபிக்காத குணத்தைச் சொல்லி விற்றது தப்பு, அதைப் பேசியவருக்கும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பானது. பொடிக்குத் தடை. விளம்பரம் வந்த அதே நேரத்தில், அதே குரலில், மறுப்பும் சொல்ல வேண்டும்.

கோர்ட்டில் எழுதிக் கொடுத்த மறுப்பின் கடைசி வரியில் அவர் கண் நின்றது. "விளம்பரத்தில் வரும் அக்கா கற்பனையே, அப்படி ஒருவர் இல்லை." அந்த வரியை எடுத்துவிடக் கெஞ்சிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எத்தனை வீட்டு அக்காக்கள் இன்னும் அந்தப் பொடியைக் கரைத்துக் குடிக்கிறார்களோ? ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

ஒலிபரப்பான அன்று அக்கா வீட்டு ரேடியோ பேட்டரியைக் கழற்றிவிட நினைத்து ஓட்டமும் நடையுமாகப் போனார். அதற்குள் அக்கா கேட்டு முடித்து, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? நல்லாத்தான் படிச்சே" என்றாள். ரேடியோவைத் தடவி அணைத்தாள். பிறகு அவர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்ப அந்த அக்கா நான் இல்லியாடா?"

வெண்கலத்துக்குத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.