அறுபத்திரண்டு டிகிரி

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறையப் பேர். சிரிக்கட்டும். அன்று கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தது நான்.

நானும் என் கணவரும் ஒரே ஆல்கஹால் ஆலையில், ஒரே ஷிஃப்ட். ஆல்கஹாலையும் தண்ணீரையும் எத்தனை தடவை காய்ச்சி வடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் பிரியாது. நூற்றில் நாலு பங்குத் தண்ணீர் ஒட்டிக்கொண்டே ஆவியாகும். அப்போது காய்ச்சி வடிக்கும் டவரின் உச்சியில் வெப்பம் எழுபத்தெட்டு டிகிரி. மூன்றாவதாக ஒரு திரவத்தை விட்டால்தான், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். வெப்பமும் அறுபத்திரண்டுக்கு இறங்கிவிடும். எப்போதும் சேர்ந்தே திரிகிறோம் என்று ஆலையில் எங்கள் இருவருக்கும் பட்டப்பெயரே 'எழுபத்தெட்டு'தான்.

இரவு 1.40. மூன்றாவது திரவத்தை இன்னும் விடவில்லை. ஆனால் திரையில் எண் இறங்கத் தொடங்கியது. 75... 70...

"மீட்டர் மக்கர் பண்ணுது. மேல போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார்.

"எனக்கென்னவோ சரியாப் படல. விடிஞ்சதும் பாத்துக்கலாமே."

"பயந்தாங்கொள்ளி!" சிரித்துக்கொண்டே போனார்.

ஜன்னல் வழியே, இரும்பு ஏணியில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டது. டங்... டங்... அதன் பின்னாலேயே இன்னொரு சத்தம். மெல்ல. வெறுங்கால். டவர் பக்கம் அன்று எங்களைத் தவிர ஆளே கிடையாது. திரையைப் பார்த்தேன்.

62.

மூன்றாவது ஒன்று வந்துவிட்டது... எதைப் பிரிக்க?

மைக்கைப் பிடித்துக் கத்தினேன். "ஏங்க! அப்படியே நில்லுங்க! கீழ வாங்க!"

சத்தம் நின்றது.

இரண்டும்.

பிறகு தடதடவென்று பூட்ஸ் இறங்கியது. பூட்ஸ் மட்டும்.

கதவருகே நின்று என்னையே பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீ எப்ப கீழ வந்தே?"

"நான் எங்கயும் போகலியே..."

"என் பின்னாடியேதானே வந்தே? சட்டையப் பிடிச்சுக்கிட்டு... 'நிக்காதீங்க, இன்னும் ஒரு அடி'ன்னு சொன்னியே. அப்ப ஸ்பீக்கர்லயும் உன் குரல்..."

திரையில் எண் தானாக ஏறிக்கொண்டிருந்தது. 78.

காலையில் வெல்டர் மேலே ஏறினார். இறங்கி வந்தவர், "ராத்திரி யாருய்யா மேல போனது?" என்று சத்தம் போட்டார். மேல்தளத்தின் ஈரத்தில் பூட்ஸ் தடம் பதிந்திருந்ததாம். அதற்கு அடுத்த அடியில் இரும்புத் தகடே இல்லை. பழுது பார்ப்பதற்காக முந்தின சாயங்காலம்தான் கழற்றியிருக்கிறார்கள். அந்த இடத்திலிருந்து எண்பது அடிக்குக் கீழேதான் தரை.