குடைக்காரி தோட்டம்: கிராணி கிழித்த கதை

இன்று பள்ளி விட்டு வரும் வழியில் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என் கட்டுரையைக் கிழித்துவிட்டார்!

தோழிகளே, நாம் மாற்றி மாற்றி எழுதும் சுற்று நோட்டில் இந்த வாரம் சினிமாக் கதை கிடையாது. (மன்னித்துவிடு, மலர்.)

ஊர்ப் பெயர்களைப் பற்றி எழுதச் சொன்னார் அல்லவா வாத்தியார்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் பெரியம்மா முட்டைக்கோஸ் போடும் குடைக்காரி தோட்டத்தைப் பற்றி நான் எழுதினேன். நாளை பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

அது கிராணி காதுக்குப் போய்விட்டது. ஆபீஸ் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். அப்பாவும் அங்கே நின்றார்.

"எங்கப்பா பெரிய கங்காணி. மழையில நனைஞ்ச பொம்பளைக்குக் குடையும் குடுத்தாரு, நிலமும் குடுத்தாரு. அதான் அந்தப் பேரு. மாத்தி எழுது லா!"

"இல்லைங்க சார், பெரியம்மாகிட்டயே கேட்டுத்தான் எழுதினேன்."

சர்ரென்று கிழித்தார்!

உண்மை இதுதான். அந்தக் காலத்தில் கங்காணி எதிரே வந்தால் பெண்கள் குடையை மடக்கிவிட வேண்டும். கொட்டுகிற மழையிலும்! (அவர் மட்டும் குடைக்குள்.)

ஒருநாள் பெரியம்மா மடக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள், அவர் பெயரைத் தவிர. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் பூட்டிவிட்டார்கள்.

அவர் ஆற்றைத் தாண்டிப் போய்க் காட்டை வெட்டிக் கோஸ் நட்டார். 'குடைக்காரி' என்பது கங்காணி கேலியாக வைத்த பெயர். கோஸ் ஏற்ற வந்த கோலா தெர்லா லோரிக்காரர்கள் அதையே மூட்டையில் எழுதினார்கள், நிலைத்துவிட்டது. (கங்காணிக்கு நன்றி!)

கிராணி சொன்ன கதையைப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"அவன் குடுத்தானாமா? தானா ராத்தா கடையில என் காசுல வாங்கின குடைடி அது!"

அப்பாதான் பயந்துபோனார். "பேசாம மாத்தி எழுதிடும்மா. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவோம்?"

எனக்கும் பயம்தான். எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் கிழிந்த கட்டுரையை மறுபடி எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணுகிறது. ஆனாலும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை!

நாளை இதைத்தான் வாசிப்பேன். முதல் வரிசையில் கிராணி உட்கார்ந்திருப்பார். பாதியில் பிடுங்கினாலும் பிடுங்குவார்.

ஆகவே விடிந்ததும் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையைத்தான் கிழிப்பார்?

நான் நிறுத்திய வரியிலிருந்து எழுந்து வாசிக்கப் போவது யார்? கீழே பெயரை எழுதுங்கள்!

1. தேவகி (நான்தான்)

2.