அருள்ராஜ் சாரின் தங்கவயல்

செவ்வாய்க்கிழமை காலை ஆனையூரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அருள்ராஜ் சாரின் மனைவி போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காபி ஆத்திக் கொண்டாரதுக்குள்ள போயிட்டாரு." பையோடு அங்கேயே நின்றேன்.

பேரையூர்ப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை வரலாற்று ஆசிரியராகத் தெரியும். கோலார் தங்கவயலில் பிறந்தவர் என்பதும் தெரியும். வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்கள், கிளப், நாடெல்லாம் இருட்டில் கிடந்தபோதே மின்விளக்கு எரிந்த தெருக்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால், மணி அடித்தாலும் பிள்ளைகள் எழ மாட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி மட்டும் ஒரே வரிதான். "துரை வீட்டு நாய்க்கூண்டு எங்க வீட்டவிட உசரம்." அவர் சிரிப்பார், நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அவர் ஓய்வுபெற்ற மறு வருடம் என்னை அங்கே அழைத்துப்போனார். கிளப்பையும் பழைய தேவாலயத்தையும் காட்டிவிட்டு சயனைடு மேட்டுக்குக் கூட்டிச்சென்றார். பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, மலையாகக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு கல்யாண ஜோடி போட்டோவுக்கு நின்றது. எந்தப் பக்கம் நின்றால் கண்ணில் தூசி விழாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கடைசியாக, மூடப்பட்ட ஒரு சுரங்கத்தின் வாசல். ஐந்து நிமிடம் உள்ளே விடும்படி காவலாளியிடம் கேட்டார். அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார் அவர், மரியாதையாகவே. நான் போய்ப் பேசினேன். தலைமையாசிரியராக இருந்தவன், பேசினால் காரியம் நடந்து பழகியவன். நடக்கவில்லை. சுற்றிப் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றனவே என்றார் காவலாளி.

"சுத்திப் பாக்க வரல தம்பி," என்றார் அருள்ராஜ் சார். "எங்கப்பா உள்ளதான் இருக்காரு."

அவருக்குப் பத்து வயதில், ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது. வீடு அதிர்ந்து அடுக்கிய பாத்திரங்கள் உருண்டதும் அவருடைய அம்மா இந்த வாசலுக்குத்தான் ஓடிவந்தார். சிலரை மேலே கொண்டுவந்தார்கள். அப்பா இருந்த பக்கம் போக வழியில்லை. பல நாள் நின்று பார்த்துவிட்டு, அம்மா பிள்ளையோடு மதுரையில் தன் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுவரை சார் இதைச் சொன்னதே இல்லை. காவலாளி தொப்பியைக் கழற்றினார். கதவைத் திறக்க அவராலும் முடியவில்லை.

ஊர் திரும்பியதும் சுரங்க நிர்வாகத்துக்கு அனுமதி கேட்டு எழுதினேன். மறுபடி மறுபடி எழுதினேன். பதில் இல்லை. முதலில் வாராவாரம் விசாரித்தவர், பிறகு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கடுதாசி வந்துச்சாண்ணே?" வரவில்லை என்று தலையாட்டினேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு கேள்வி. பள்ளி முடிந்து நான் வீடு சேர்ந்துவிட்டேனா என்று அறிய போன் செய்வார். "மேல வந்தாச்சா சார்?" என்பார். எங்களுடையது மாடி வீடு, அதனால் அப்படிக் கேட்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தச் சுரங்க வாசலில் நின்ற பிறகுதான் புரிந்தது. நேற்று என் மகள் வேலையிலிருந்து வரத் தாமதமானது. போன் செய்து, அவள் எடுத்ததும் அதையே கேட்டேன்.