கிடர்பூரிலிருந்து வந்த கமென்ட்

கொல்கத்தாவில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெங்காலியைக் கேட்டுக் கேட்டே கற்றவள்; அக்காவை 'திதி' என்று கூப்பிடவும் அப்படித்தான் பழகினேன். வாரம் ஒருநாள் வகுப்பை ஃபேஸ்புக்கில் நேரலையாக விடுவோம். மாணவிகளின் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் பார்ப்பார்கள்.

அன்று மழை மதியம். ஜன்னலுக்கு வெளியே ஊரே கரைந்து வழிந்தது. வலிப்பு வந்தவரை எப்படிக் கவனிப்பது என்று பொம்மையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊர்ல கையில சாவிக்கொத்து குடுப்பாங்க, இங்க மூக்குகிட்ட செருப்பைக் காட்டுவீங்க. ரெண்டும் வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். போனைப் பிடித்திருந்த மாணவி மௌமிதா மட்டும் சிரிக்கவில்லை.

"மேடம், கிடர்பூர்லேர்ந்து ஒரு அக்கா எழுதறாங்க. அவங்க புருஷனுக்கு இப்பவே வலிப்பாம். மாமியார் செருப்போட நிக்கறாங்களாம்."

பதறாத காரியம் சிதறாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"செருப்பை எடுத்துடுங்க திதி. வாயில எதுவும் வைக்காதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. தலைக்கடியில துணியை மடிச்சு வைங்க. மெதுவா, இப்படி ஒருக்களிச்சுத் திருப்புங்க. யாரையாவது ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்க."

பொம்மையை அவ்வளவு மெதுவாக நான் திருப்பியதே இல்லை. முகம் தெரியாத ஒருவரின் தோள் என் உள்ளங்கையில் சுடுவதுபோல் இருந்தது. மௌமிதா கமென்ட்களைத் தள்ளித் தள்ளித் தேடினாள்.

பிறகு மௌமிதா வாசித்தாள்: "கண்ணைத் திறந்துட்டார் திதி. ஏன் செருப்பு நாத்தம் அடிக்குதுன்னு அம்மாவைக் கேக்கறார்."

முன்பெல்லாம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையின் ஓரத்தையே பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. எங்கோ ஒரு வீட்டில் இன்னொருவர் கையும் என்னோடு சேர்ந்து நகர்வதாக நினைத்துக்கொண்டு, பொம்மையை நிதானமாகத் திருப்புகிறேன்.