கண்மாயைக் கடத்திய மோனை

நேற்று என் கைபேசிக்கு, பெயர் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘கேரளத்துக்குக் கண்மாயைக் கடத்திய காஜா மைதீன் மகளுக்கா உங்கள் ஓட்டு?’ படித்தவுடன் வாடகை மைக்கின் துரு நெடி மூக்கில் ஏறியது. நண்பரே, அந்த வாக்கியம் என்னுடையது.

பத்தாண்டுகளுக்கு முன், உத்தமபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் ஊராட்சித் தேர்தல். ‘நாட்டின் வரலாற்றில் பரப்புரையின் பங்கு’ என்ற தலைப்பில் முழங்கி, கல்லூரிப் போட்டியில் நான் எவர்சில்வர் குடம் வென்றிருந்த சமயம். பேரரசுகளையே சொல்லால் சாய்த்துக் காட்டியவனுக்கு ஓர் ஊராட்சி எம்மாத்திரம்? எதிரணி வேட்பாளர் காஜா மைதீன், தேங்காய் வியாபாரி. அவர்மீது குற்றமேதும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெயர் ககரத்தில் தொடங்கியது. மேடைப் பேச்சுக்கு அதுவே போதுமான குற்றம். மழையின்றி வறண்டு கிடந்த கண்மாயும் ககரத்தில்தான் தொடங்கியது. மிச்சத்தை மோனை பார்த்துக்கொண்டது.

‘கேரளத்துக்குக் கண்மாயைக் கடத்திய காஜா மைதீனுக்கா உங்கள் ஓட்டு?’ என்று மேடையில் முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஒரு கண்மாயை எப்படிக் கடத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் விடையையும் ஊரே கண்டுபிடித்தது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் கேரளத்துக்கு மலையேறும் பெண்கள், “கம்பம்மெட்டு வளைவுல லாரி லாரியாத் தண்ணி போச்சாம்ல!” என்றார்கள்.

அன்று மாலை காஜா மைதீன் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

“ஏந்தம்பி, கம்மாய எதுல ஏத்துனேன்? சாக்குலயா, தேங்கா லாரிலயா?”

“கட்சிக்காரக எழுதிக் குடுத்தாக, மாமா.” அது என் அடுத்த பொய்.

“சரி, நாளைக்கு அதே மைக்குல இல்லன்னு சொல்லிருய்யா. தோக்குறது பெருசில்ல. எம்புள்ளைய பள்ளிக்கொடத்துல ‘கம்மாய்க் களவாணி மக’ன்னு கூப்புடுறாளுகளாம்.”

சொல்கிறேன் என்று வாக்களித்தேன். மேடையேறுமுன் மறுப்பை எழுதியும் பார்த்தேன்: ‘மழை பெய்யாததால் கண்மாய் வறண்டது.’ இதற்கு எவன் கைதட்டுவான்? பழைய வாக்கியத்தையே இன்னும் நல்ல ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் தோற்றார். பிறகு தேர்தலில் நிற்கவேயில்லை, இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார்.

இப்போது அந்த மகள் சபீனா நிற்கிறாள். இன்று காலை அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணே, இத அனுப்புனது ஆருன்னு தெரியுமா? நேர்ல போயிக் கேக்கணும். அன்னைக்கு அத்தா ஒங்க வீட்டுக்கு வந்து கேட்டாகள்ல, அது மாதிரி.”

“தெரியலம்மா” என்றேன்.

இந்த முறை அது உண்மை. அந்நாளில் பொய்யனுக்கு ஒரு வீடு இருந்தது. கேட்க வந்தவருக்கு அங்கே காப்பியாவது கிடைத்தது.