ஸ்பேனருக்கு லீவு

வெண்ணந்தூர் சாலையில் என் பைக்கின் பின்சக்கர நட்டு தளர்ந்து, சக்கரம் ஆடுகிறது. ஆயுத பூஜை நாள். இன்னும் சற்று நேரத்தில் பக்கத்து ஊரில் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தந்தை நான்தான்.

எதிரே ஒரு லாரிப் பட்டறை. கறை போகக் கழுவிய ஸ்பேனர்கள் வாழையிலையில் படுத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. எங்கள் மாதா கோயிலில் சுரூபங்களைக்கூட இவ்வளவு பொறுமையாகத் துடைத்து நான் பார்த்ததில்லை.

"ஒரு ஸ்பேனர் குடுங்க, நானே முடுக்கிக்கறேன்" என்கிறேன்.

பட்டறைக்காரர் சிரிக்கிறார். "இன்னிக்கு அதுக்கு லீவுங்க. வருசம் பூரா நம்மகிட்ட அடி வாங்குது, பாவம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. இரும்புக்கு லீவாம்! அதற்குள் அவர் தன் பைக் சாவியை நீட்டுகிறார்.

"எம்பட வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க சாமி. நாளைக்கு உங்க வண்டிய முடுக்கி வெக்கறேன்." என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

அவர் பைக்கின் இரு பக்கமும் வாழைக்கன்று, முன்விளக்கில் பெரிய குங்குமப் பொட்டு. என் சிலுவை டாலரைப் பார்த்துத் தயங்குகிறார்.

"சர்ச்சுக்குப் போறீங்களாட்ட இருக்குது. இதையெல்லாம் அவுத்துப் போட்டர்லாங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா அதோட அழகைக் கெடுக்க வேண்டாங்க" என்கிறேன்.

வாழையிலை காதை உரச, ஞானஸ்நானத்துக்குக் கிளம்புகிறேன்.